ஏஐ காலத்தில் 'முதல் வேலை' என்ன ஆகும்? ராஜபாளையம் - தென்காசி சாலை சொல்லும் பாடம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "என்ன கோர்ஸ்ல சேர்க்கலாம்?" பத்து வருடங்களுக்கு முன்பு இதற்குப் பதில் சொல்ல, ஐ.டி.யில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரே போதும். "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துக்கோ, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இன்று அதே அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார்.

"ஏஐ வேலையைப் பறிக்குமா?" என்று தேடினால் யூடியூபில் ஆயிரம் வீடியோ வரும். பாதிப் பேர் பயமுறுத்துகிறார்கள், மீதிப் பேர் கோர்ஸ் விற்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது கொஞ்சம் வேறு கேள்வி. எந்தத் தொழிலுக்கும் ஓர் ஏணி உண்டு. அனுபவமே இல்லாத ஒருவர் கால் வைக்க அதில் ஒரு முதல் படி இருக்கும். அந்த முதல் படிக்கு இப்போது என்ன ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள சிலிக்கான் வேலி வரை போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சேத்தூரில் நின்று பார்த்தாலே போதும்.

சேத்தூர் ஏன்?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டினால் சேத்தூர். ஒரு காலத்தில் ஜமீன் ஊர், இன்று பேரூராட்சி. மேற்கே மலை, சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும்.

இங்கே படித்து முடிக்கும் ஒரு பையனோ பொண்ணோ நான்கு திசைகளைப் பார்க்கிறார்கள்.

• வடக்கே போனால் ராஜபாளையம். நூற்பாலைகள், சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள்.
• அதே சாலையில் தெற்கே போனால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் ஜோஹோ.
• ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. ஐ.டி. கனவின் வழக்கமான ரூட் இதுதான்.
• நான்காவது திசை கையிலேயே இருக்கிறது: போன். டெலிவரி, பைக் டாக்ஸி, ஃப்ரீலான்ஸ் என்று ஆப் வழியாக வரும் வேலை.

இந்த நான்கிலும் முதல் படி மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக.

மில்லில் முதல் படிக்கு என்ன ஆச்சு?

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 'ராஜபாளையம் மில்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது 1936-ல். அதற்குப் பிறகு இந்த வட்டாரமே பஞ்சையும் நூலையும் சுற்றி வளர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர், முடிக்காதவர் என எல்லோருக்கும் மில் ஒரு வாசலாக இருந்தது.

அந்த வாசல் எப்படி வேலை செய்தது? நூற்பாலையில் கடைசிக்கட்டமாக நூல் முறுக்கும் மெஷினுக்கு ரிங் ஃபிரேம் என்று பெயர். அதில் வரிசையாக நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுழலும். ஒவ்வொன்றிலும் நூல் நிறைந்ததும் அந்தக் கண்டை உருவி எடுத்து, காலி பாபினைச் செருக வேண்டும். இதுதான் 'டாஃபிங்'. வேகமான கை இருந்தால் போதும், பெரிய படிப்பு வேண்டாம். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் இது முக்கியமானது.

டாஃபிங் செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, அறுந்த நூலை ஓடும் மெஷினிலேயே ஒட்டக் கற்றுக்கொள்வார்கள். அது கைவந்தால் ஒரு பக்கத்து ஸ்பிண்டில்களை முழுசாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரும். இன்னும் சில வருடங்களில் சத்தத்தை வைத்தே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லும் அளவுக்குத் தேறி, மேஸ்திரி, ஃபிட்டர் என்று மேலே போனவர்கள் உண்டு. யாரும் பாடம் எடுக்கவில்லை. வேலையே பள்ளிக்கூடமாக இருந்தது.

இப்போது நவீன ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் அதிகமான ஸ்பிண்டில்கள். நூல் நிறைந்ததும் ஆட்டோ டாஃபர் மொத்தக் கண்டுகளையும் ஒரே நேரத்தில் உருவி, காலி பாபினையும் தானே செருகிவிடுகிறது. நூலைக் கோனில் சுற்றும் இடத்தில் ஆட்டோகோனர் வந்துவிட்டது. அறுந்த நூலைக் கையால் முடிச்சுப் போட வேண்டிய அவசியம் இல்லை. காற்றழுத்தத்தால் இரண்டு முனைகளையும் பிணைத்துவிடும். எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்தது என்பதை சென்சார் காட்டிக்கொடுக்கும் வசதியும் உண்டு. முன்பு அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் ஷிஃப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

கவனியுங்கள், மில் மூடப்படவில்லை. மெஷினைப் பராமரிக்கும் எலெக்ட்ரீஷியன், மென்பொருள் தெரிந்த டெக்னீஷியன், தர ஆய்வகத்தில் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவர் ஆகியோருக்குத் தேவை கூடியிருக்கிறது. ஆனால் அந்த வேலைகளுக்கு ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ வேண்டும். கீழே நின்று மேலே ஏறிய பாதையில், நடுவில் இருக்கும் படிகள் அப்படியே இருக்கின்றன. அடியில் இருந்த படிதான் தேய்ந்துவிட்டது.

அதற்காகப் பழைய மில் வேலையைப் பொற்காலமாகப் பார்க்கவும் வேண்டாம். மூன்று ஷிஃப்ட், காதைப் பிளக்கும் இரைச்சல், பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் எல்லாம் அந்தக் காலத்தின் பகுதிதான். சொந்த ஊர் இளைஞர்கள் பலர் மில் வேலையே வேண்டாம் என்று விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் இன்று வட மாநிலத் தொழிலாளர்கள் அதிகம் இருப்பதன் பின்னணியும் இதுவே. மெஷின் சிலவற்றைப் பறித்தது, உடம்பை முறிக்கும் சிலவற்றைக் குறைத்தும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

இதே கதை கம்ப்யூட்டர் முன்னாலுமா?

"அது கைவேலை சார், நாங்க மூளை வேலை" என்று ஐ.டி. ஆட்கள் சொல்லலாம். சரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் ஃபிரஷராகச் சேர்ந்தவர் முதல் வருடம் என்ன செய்தார்? மேனுவல் டெஸ்டிங், சின்னச் சின்ன பக் சரிசெய்வது, வாடிக்கையாளர் அனுப்பும் டிக்கெட்டுக்குப் பதில் போடுவது, ஏற்கனவே இருக்கும் கோடைப் பார்த்து டாக்குமென்ட் எழுதுவது. கம்பெனிக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் இவற்றைச் செய்துகொண்டேதான் ஒரு ஃபிரஷர் சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார். ஐ.டி. துறையின் டாஃபிங் இதுதான்.

இப்போது ஜெனரேட்டிவ் ஏஐ மிக நன்றாகச் செய்வது எதை? இதே பட்டியலை!

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில், அங்குள்ள ஒரு பெரிய சம்பளப் பட்டுவாடா நிறுவனத்தின் தரவுகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏஐ தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவிகிதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் இருக்கும் அனுபவசாலிகளுக்குப் பெரிய அடி இல்லை. அதாவது ஏணியின் மேலே நிற்பவர் தப்பிக்கிறார், கீழே காத்திருப்பவருக்குத்தான் படி கிடைக்கவில்லை.

அலுவலக வேலைக்கு வருவோம். நம் அப்பா, அம்மா தலைமுறைக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒரு முதல் படி. லோயர், ஹையர் பாஸ் பண்ணினால் வக்கீல் ஆபீஸிலோ கம்பெனியிலோ ஓர் இடம் உறுதி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு இன்றும் அந்தச் சான்றிதழ் தேவை. ஆனால் தனியார் அலுவலகங்களில் டைப்பிஸ்ட் இருந்த இடத்துக்கு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வந்தார், இப்போது அந்த நாற்காலியும் ஆடுகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எழுத்தர் வகை வேலைகளில் 24 சதவிகிதம் ஜெனரேட்டிவ் ஏஐயின் தாக்கத்துக்கு அதிக அளவிலும், இன்னொரு 58 சதவிகிதம் நடுத்தர அளவிலும் உள்ளாகக்கூடியவை. வேறு எந்தத் தொழில் பிரிவும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. உலகம் முழுக்க இந்த வகை வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால் பாதிப்பும் அவர்களுக்கே அதிகம் என்கிறது அதே ஆய்வு.

எல்லாத்துக்கும் ஏஐதான் காரணமா?

இல்லை. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களின் மொத்த ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் ஏஐ அல்ல. கொரோனா காலத்தில் டிமாண்ட் எகிறியபோது தேவைக்கு மேல் ஆள் எடுத்தார்கள். பிறகு அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் இடத்தைக் கம்பெனிகள் நிரப்பவில்லை.

2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 சதவிகிதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடு மற்றும் மேல் நிலையில் இருப்பவர்களே பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. ஆக, அனுபவசாலிகளுக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. "பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்" என்பது ஒரே வருடத்து வேலையைப் பதினைந்து முறை செய்ததாக இருந்தால், அந்த அனுபவம் காப்பாற்றாது.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை இன்னொரு கோணம் தருகிறது. 2030-க்குள் உலகில் 17 கோடிப் புதிய வேலைகள் உருவாகும், 9.2 கோடி வேலைகள் காணாமல் போகும், நிகரமாக 7.8 கோடி கூடும் என்பது அதன் கணிப்பு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கழித்தல் கணக்கில் ஒரு சிக்கல். போகும் வேலை சேத்தூர்க்காரருடையதாகவும், வரும் வேலை ஹைதராபாத்தில் வேறொருவருக்கானதாகவும் இருக்கலாம். மொத்தக் கணக்கு லாபமாக இருந்தாலும் ஒரு குடும்பத்தின் கணக்கு நஷ்டத்தில் போகலாம்.

ஆப் வேலை: படி ஒன்று இருக்கு, அடுத்தது எங்கே?

மற்ற மூன்று திசைகளிலும் நுழைவது கஷ்டமாகும்போது ஒரே ஒரு கதவு மட்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. லைசென்ஸ், பைக், ஸ்மார்ட்போன் இருந்தால் ஓரிரு நாளில் டெலிவரி வேலையில் சேர்ந்துவிடலாம். இன்டர்வியூ இல்லை, அரியர்ஸ் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாக மதிப்பிட்டது. 2029-30-ல் இது 2.35 கோடி ஆகும் என்றும் கணித்தது. இவர்களைச் சும்மா 'பார்ட் டைம் பசங்க' என்று ஒதுக்கிவிட முடியாது.

சிக்கல் எங்கே? பழைய மில்லில் டாஃபிங் செய்தவருக்கு மேலே ஒரு படி தெரிந்தது. டெலிவரி ஆப்பில் ஐந்து வருடம் ஓட்டியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள். ரேட்டிங் ஏறலாம், இன்சென்டிவ் கிடைக்கலாம். ஆனால் தெருவை மனப்பாடமாக அறிந்த அனுபவத்துக்கு அங்கே பதவி உயர்வு இல்லை. அதை மேப் ஏற்கனவே எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. ஏறுவதற்கு எளிதான படிதான், ஆனால் அது ஏணியில் இல்லை, தரையில் கிடக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் சில அசைவுகள் நடந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதத்தை இந்தத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. விபத்து, முதுமை போன்றவற்றுக்கு இது உதவும். ஆனால் அடுத்த படியை எந்தச் சட்டமும் தானாகக் கட்டித் தராது.

முதல் படியை யாராவது கட்டுறாங்களா?

கட்டுகிறார்கள். சேத்தூரிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் ஒரு உதாரணம் இருக்கிறது.

ஜோஹோ நிறுவனம் 2005-ல் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த மாணவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருவதுதான் திட்டம். முதலில் வகுப்பறை, பிறகு நிறுவனத்தின் அணிகளோடு சேர்ந்து நிஜ வேலை. 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பயிற்சிப் பள்ளியும் அங்கே வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் உருவானது தென்காசி அலுவலகத்தில்தான். 'கிராமத்தில் சும்மா கால் சென்டர் போட்டிருக்காங்க' என்ற நினைப்புக்கு அது ஒரு பதில்.

ராஜபாளையத்துக்கே இதில் ஒரு ஒப்பீடு உண்டு. பஞ்சில் தொடங்கி சிமென்ட்டுக்குப் போன ராம்கோ குழுமம், 1997-ல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் உருவாக்கியது. அதன் தலைமையகம் சென்னையில். அந்தக் காலத்தில் அதுதான் இயல்பு. மூலதனம் ராஜபாளையத்தில் பிறந்தாலும் சாஃப்ட்வேர் வேலைக்குப் பொதிகை ஏறித்தான் ஆக வேண்டும். பிராட்பேண்டும் வீடியோ காலும் அந்த நிலையை மாற்றின. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என மாநில அரசு மினி டைடல் பூங்காக்களைத் திறந்து வருவதும் அதே திசையில்தான்.

ஆனால் ஜோஹோ ஒன்றை மட்டும் காட்டி, 'பிரச்சினை தீர்ந்தது' என்று சொல்ல முடியாது. ஒரு நிறுவனம் எத்தனை பேரை எடுக்க முடியும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராம்கோ பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகள் என்று ஒவ்வொரு வருடமும் வெளியே வரும் கூட்டம் பெரியது. ஜோஹோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வேலைகளை விட அதன் யோசனையைத்தான். 'ரெடியா இருக்கிற ஆளைத் தேடாதே, ஆளை ரெடி பண்ணு' என்பதுதான் அது. அந்தக் காலத்து மில்லும் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்தது.

இந்த யோசனைக்குச் சட்டமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம். அதன் விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரென்டிஸ்களை எடுத்தாக வேண்டும். மில், மருத்துவமனை, ஹோட்டல், சாஃப்ட்வேர் கம்பெனி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஐ.டி.ஐ. மட்டுமல்ல, டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களும் சேரலாம். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 முதல் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கியது.

பயிற்சி நிறையவே நடக்கிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பயிற்சியில் நிஜமான வேலை இருக்கிறதா, தப்பு செய்து திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? சர்டிபிகேட் மட்டும் வந்தால் அது படி ஆகாது, படியின் போட்டோதான்.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது உடனடிக் கேள்வி. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் ஆலைகள் புதிய மெஷின்களோடு வரும். இன்றே பயிற்சி தொடங்காவிட்டால் டெக்னீஷியன் வெளியூரிலிருந்து வருவார், உள்ளூர் ஆட்களுக்கு செக்யூரிட்டி வேலையும் லோடு இறக்கும் வேலையும்தான் மிஞ்சும்.

குடும்பத்துக்கு இதில் என்ன ரிஸ்க்?

கல்விக் கடனை எடுத்துக்கொள்வோம். வங்கிகளின் பொதுவான திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டது: டிகிரி முடித்தவருக்கு ஒரு வருடத்துக்குள் வேலை கிடைத்துவிடும்.

முதல் படி தேய்ந்தால் அந்த நம்பிக்கையும் ஆடுகிறது. ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த ஃபிரஷர்கள் கடந்த சில வருடங்களில் நிறையப் பேர். கம்பெனிக்கு அது வெறும் ஷெட்யூல் மாற்றம். வீட்டில் அது இ.எம்.ஐ., தங்கையின் ஃபீஸ், "இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று கேட்கும் உறவுக்காரர். மில் காலத்தில் கற்றுக்கொள்ளும் செலவை ஓரளவு மில் ஏற்றது, சம்பளம் குறைவாக இருந்தாலும் சம்பளத்தோடு கற்றார்கள். இன்று அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. தொழில்நுட்பம் செய்த பெரிய மாற்றம் இதுதான், ஆனால் இதை யாரும் தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை.

அப்போ என்ன கேட்கணும்?

"எந்த கோர்ஸ்?" என்பதோடு நிறுத்தாமல், சேர்வதற்கு முன்னால் இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்.

கல்லூரியிடம்: "நூறு சதவிகிதம் பிளேஸ்மென்ட்" போர்டை விடுங்கள். போன வருடம் எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே இரண்டு வருடத்துக்கு முன் படித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். நம்ம ஊரில் அது ஒன்றும் கஷ்டமில்லை.

இன்டர்ன்ஷிப் பற்றி: யாரோடு வேலை செய்யப் போகிறேன்? என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் பணம் மட்டும் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

வேலையைப் பற்றி: இதில் எந்தப் பகுதி விதிமுறைப்படி அப்படியே திரும்பத் திரும்ப நடப்பது? அது போய்விட்டால் என்ன மிஞ்சும்? மிஞ்சுவது ஒரு மனிதரிடம் பேசிப் புரிந்துகொள்வதாகவோ, நேரில் போய்ப் பழுது பார்ப்பதாகவோ, தப்பானால் பொறுப்பேற்பதாகவோ இருந்தால் அந்த வேலைக்கு ஆயுசு அதிகம். ஆட்டோகோனர் வந்த மில்லில் எலெக்ட்ரீஷியனுக்கு மவுசு கூடியது அதனால்தான்.

உங்களைப் பற்றி: ஏஐ டூலைப் பயன்படுத்துங்கள், தப்பே இல்லை. ஆனால் கற்கும் காலத்தில் முதலில் நீங்களே செய்து பார்த்துவிட்டு, பிறகு அதன் விடையோடு ஒப்பிடுங்கள். மெஷின் கொடுத்த விடை தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நாளை சம்பளம். அந்தக் கண் நோகாமல் வராது.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு: உங்கள் டீமில் ஃபிரஷர் எடுக்க வேண்டாம், டூல் போதும் என்று மீட்டிங்கில் பேச்சு வந்தால் ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள், "அஞ்சு வருஷம் கழிச்சு சீனியர் எங்கேயிருந்து வருவாங்க?" இன்று ஜூனியரை எடுக்காத துறைக்கு நாளை அனுபவசாலி வானத்திலிருந்து குதிக்க மாட்டார்.

கடைசியாக...

ஏணியில் ஏறியவர்கள் எல்லோரும் திறமையால் மட்டும் ஏறவில்லை. அவர்கள் கால் வைத்தபோது அங்கே ஒரு படி இருந்தது. நூறு தடவை நூல் அறுந்தாலும் பக்கத்தில் நின்று ஒட்டக் காட்டிக்கொடுத்த ஒரு அக்கா இருந்தார், கோடில் தப்பு வந்தாலும் திட்டிவிட்டுத் திருத்திய ஒரு டீம் லீடர் இருந்தார். மெஷின் அந்தப் படியின் வேலையைச் செய்துவிடும். ஆனால் அந்தப் படியில் நின்று ஆள் உருவாவதை அது செய்யாது. அதை நிறுவனங்களும் அரசும் கல்லூரிகளும் தெரிந்தே, செலவு செய்து, கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது சேத்தூரில் மறுபடியும் அதே கேள்வி எழும். "என்ன கோர்ஸ்?" என்பதற்கு அடுத்ததாக "அதுல கத்துக்க விடுவாங்களா?" என்றும் ஒருவர் கேட்டால், சரியான இடத்தில் கேட்கிறார் என்று அர்த்தம்.